தாய் நேர்ந்த கடன்

1901 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஒரு நாள் சுவாமி விவேகானந்தர் கல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள காளிகாட் கோயிலுக்குச் சென்றார். ஆதிகங்கையில் நீராடி, ஈர உடையுடனேயே கோயிலுக்கு வந்து, அன்னையின் திருமுன் தரையில் மூன்று முறை உருண்டார். பின்னர் ஏழு முறை கோயிலை வலம் வந்தார். நாட்மந்திர் எனப்படும் முன்மண்டபத்திற்கு மேற்கே திறந்த வெளியில் அமர்ந்து ஹோமமும் செய்தார். அப்போது அவருக்கு வயது 38. நீரிழிவும் ஆஸ்துமாவும் அவரது உடலை ஏற்கனவே நலியச் செய்திருந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 4 ஆம் நாள் அவர் உடலை உகுத்தார்.

இந்த வழிபாடு அவர் நேர்ந்துகொண்டதன்று. சிறு வயதில் அவர் கடுமையாக நோயுற்றபோது, அவருடைய தாய் புவனேசுவரி தேவி காளியிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் காளிகாட்டில் சிறப்பு வழிபாடு செய்து, அவனைச் சந்நிதியில் உருளச் செய்வதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான், நேர்ந்துகொண்டது மறந்து போயிற்று. ஆண்டுகள் பல கடந்து மகனின் உடல்நிலை மீண்டும் சீர்குலைந்ததைக் கண்டபோதுதான் தாய்க்கு அந்தப் பழைய வாக்கு நினைவுக்கு வந்தது. மகனிடம் சொன்னார். மகன் போனார்.

சீடரான சரத் சந்திர சக்கரவர்த்தி பதிவு செய்து வைத்துள்ள செய்தி இது. தாம் மேல்நாடு சென்று திரும்பியவர் என்பதை அறிந்திருந்தும் காளிகாட் கோயிலார் தம்மைத் தடுக்கவில்லை, மரியாதையுடன் உள்ளே அழைத்துச் சென்று விரும்பியபடி வழிபட உதவினார்கள் என்று சுவாமிஜி மகிழ்ச்சியுடன் கூறியதையும் அவர் குறித்திருக்கிறார். கடல் கடந்தவர் கோயிலுக்குள் வரலாமா என்பது பெரிய சர்ச்சையாக இருந்த காலம் அது.

சுவாமிஜியின் வரலாற்றைப் படிப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். 1893 இல் சிகாகோ மேடையில் நின்றவர், அத்வைதத்தை உலகறியச் செய்தவர், துறவு பூண்டவர். அவர் ஈர வேட்டியுடன் கல்தரையில் உருள்வதை மனக்கண்ணில் காண நம்மில் பலருக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. தாய்க்காகச் செய்தார், அவ்வளவுதான் என்று சொல்லி அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம். அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லில் ஒரு பெரிய அறக்கேள்வி மறைந்து கிடக்கிறது என்பதை ஓர் அன்பரின் கடிதம் எனக்குக் காட்டிற்று.

அவர் கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த தமிழர். காளிகாட்டிற்கு அருகே லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருவதை வாசகர்கள் பலர் அறிந்திருப்பார்கள். இப்போது அவர் வேறு மாநிலத்தில் பணியில் இருக்கிறார். உபநிடதங்களையும் கீதையையும் ஆண்டுக்கணக்காக முறையாகப் பயின்று வருபவர். அவருடைய தாய் மறைவதற்குச் சில நாட்களுக்கு முன்பு அவரிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் மருத்துவரே நம்பிக்கை இழந்த ஓர் இரவில், ‘இவன் பிழைத்து ஆளானால் இவன் சம்பாத்தியத்தில் இவன் கையாலேயே உனக்குப் புடவை சாத்துகிறேன், ஆதிகங்கையில் குளித்து ஈரத்துணியோடு வந்து உன்னைச் சுற்றச் சொல்கிறேன்’ என்று காளியிடம் நேர்ந்துகொண்டாராம். மகன் வளர்ந்து இத்தகைய வேண்டுதல்களை எள்ளி நகையாடத் தொடங்கியதால் அதை அவனிடம் சொல்ல அந்த அம்மையாருக்கு வாய் வரவே இல்லை.

அன்பர் எழுதுகிறார்: ‘மகராஜ், அந்த வாக்கை நான் கொடுக்கவில்லை. அப்போது எனக்குப் பேசவே தெரியாது. புடவைக்காக ஒரு குழந்தையின் உயிரைத் தெய்வம் விட்டுக்கொடுக்கும் என்பதை என்னால் ஏற்கவும் முடியவில்லை. நம்பாத ஒன்றைச் செய்தால் அது நடிப்பாகாதா? செய்யாவிட்டால் அம்மாவின் முகம் கண்முன் வந்து நிற்கிறது. நான் எதற்கு உண்மையாக இருப்பது?’

இந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். செய்யாவிட்டால் தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று அச்சுறுத்தி இவரைக் கோயிலுக்கு அனுப்பிவிடுவது எளிது. உறவினர் சிலர் அவ்வாறு அச்சுறுத்தியும் இருக்கிறார்கள். அந்தப் பதிலை நாம் முதலிலேயே விலக்கிவிடலாம். குழந்தையின் காய்ச்சலைத் தணித்துவிட்டு, புடவை வந்து சேரவில்லையே என்று நாற்பது ஆண்டுகள் வட்டி கணக்கிட்டுக் கொண்டிருப்பவளை அன்னை என்று அழைக்க முடியாது. அச்சத்தினால் செய்யப்படும் வழிபாடு அந்தத் தாய் நேர்ந்துகொண்டதோடு எவ்வகையிலும் பொருந்தாது. அவர் அந்த இரவில் அஞ்சியது குழந்தைக்காக, காளியைக் கண்டு அன்று.

கொடாத வாக்கு

வாக்குக் கொடுத்தவரையே வாக்கு பிணைக்கும் என்பது இன்று நமக்கெல்லாம் இயல்பாகத் தோன்றும் எண்ணம். கையெழுத்திடாத பத்திரம் ஒருவரைக் கட்டுப்படுத்தாது. இந்த எண்ணத்திற்கு மேலைத் தத்துவத்தில் உறுதியான அடித்தளம் உண்டு. ஜெர்மானியச் சிந்தனையாளர் இம்மானுவேல் காண்ட் 1785 இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில், மனிதனைக் கடமைக்கு உட்படுத்தும் விதி அவனுடைய பகுத்தறிவே அவனுக்கு இட்டுக்கொள்ளும் விதியாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். வெளியிலிருந்து திணிக்கப்படுவது, அது தெய்வத்தின் பெயரால் வந்தாலும், அறத்தின் ஊற்று ஆகாது. நம் அன்பர் இவ்வாறுதான் சிந்திக்கிறார். அவர் காண்ட்டைப் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை, நாம் பயின்ற பள்ளிகளின் காற்றிலேயே இது கலந்திருக்கிறது.

ஆனால் அதே காண்ட் 1797 இல் நன்றியுணர்வைப் பற்றி எழுதியபோது வேறொன்றைக் கண்டார். நமக்கு முதலில் நன்மை செய்தவருக்கு நாம் எவ்வளவுதான் திருப்பிச் செய்தாலும் அந்தக் கடமை தீராது. ஏனெனில் அவர் முந்திக்கொண்டுவிட்டார், அந்த முதன்மையை நாம் ஒருபோதும் அவரிடமிருந்து பெற முடியாது என்கிறார் அவர். தத்துவ மாணவனாக இருந்த நாட்களில் இந்தப் பகுதியைப் படித்தபோது, இவர் நம் ஊர்ப் பக்கம் ஒரு முறை வந்து போனாரோ என்று நான் எண்ணியதுண்டு. கேனிக்ஸ்பெர்க் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு வெகுதூரம் சென்றறியாதவர் அவர்!

நம் மரபு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. தைத்திரீய சம்ஹிதையில் பிறக்கும்போதே மனிதன் மூன்று கடன்களுடன் பிறக்கிறான் என்ற கருத்து வருகிறது: ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, முன்னோர்க்கு. அவன் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை. பேசத் தெரியாத நிலையிலேயே கடனாளி ஆகிவிட்டான். ‘நான் சம்மதித்தேனா?’ என்று கேட்கக்கூடிய அந்த ‘நான்’ உருவாகி நிற்பதற்கே பிறர் செய்த எத்தனையோ காரியங்கள் தேவைப்பட்டன. இரவு முழுவதும் ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்ட கை அவற்றுள் ஒன்று. அந்தக் கையைச் சம்மதம் கேட்டு யாரும் பெற்றுக்கொள்வதில்லை.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இத்தகைய வேண்டுதலை வங்காளியில் ‘மானத்’ அல்லது ‘மானசிக்’ என்பார்கள். மனத்தில் நினைத்துக்கொண்டது, மனத்தால் ஏற்றுக்கொண்டது என்ற அளவில் அச்சொல் நிற்கிறது. அதைத் தமிழில் பெயர்க்க அமரும்போது ‘நேர்த்திக்கடன்’ என்ற சொல் தானாக வந்து விழுகிறது. மூலத்தில் இல்லாத கடன் ஒன்று தமிழில் ஏறிவிடுகிறது! தமிழில் கடன் என்பது கொடுத்து வாங்கும் பொருளை மட்டும் குறிப்பதன்று, கடமையும் கடனே. காலைக்கடன், நீத்தார் கடன், பிள்ளைக்குத் தந்தை ஆற்ற வேண்டிய கடன் என்று வாழ்க்கையின் ஒவ்வொரு முனையிலும் அச்சொல் நிற்கிறது. எனவே ‘மானத்’ என்பதற்கு நேர்த்திக்கடன் என்று எழுதுவது பிழையான மொழிபெயர்ப்பு என்று நான் கருதவில்லை. வங்காளி மனத்தில் வைத்ததைத் தமிழ் உறவில் வைக்கிறது.

துறவிக்கு ஏது கடன்?

கடன் பற்றிய இந்த விளக்கம் இல்லறத்தாருக்குப் பொருந்தலாம். சுவாமிஜிக்கு எப்படிப் பொருந்தும்? எந்த நாளில் வைராக்கியம் தோன்றுகிறதோ அந்த நாளிலேயே துறக்கலாம் என்று ஜாபால உபநிடதம் அனுமதிக்கிறது. துறவு பூண்டவன் தனக்குத் தானே இறுதிச் சடங்குகளையும் செய்து முடித்தவன். மூன்று கடன்களும் அவனைத் தொடர்வதில்லை. ஆகவே சாத்திரத்தின்படி பார்த்தால் காளிகாட்டிற்குப் போகும் கட்டாயம் சுவாமிஜிக்கு இல்லை. ஆதிசங்கரருக்கும் இதே நிலைதான் வந்தது. அன்னை ஆரியாம்பாளின் இறுதிக் காலத்தில் வந்து சேர்வதாகக் கொடுத்த வாக்கின்படி அவர் காலடிக்குத் திரும்பி வந்ததையும், துறவிக்குச் சடங்கு செய்ய உரிமை இல்லை என்று உறவினர் உதவ மறுத்தபோது தாமே ஈமக்கடனைச் செய்ததையும் சங்கர விஜய நூல்களின் மரபு கூறுகிறது. ஆனால் சங்கரர் நிறைவேற்றியது தாம் கொடுத்த வாக்கை. சுவாமிஜி நிறைவேற்றியதோ தாம் கொடாத வாக்கை.

உலக நன்மைக்காக, பாமர மக்களின் நம்பிக்கை கலையாதிருப்பதற்காக ஞானியர் கர்மம் செய்து காட்டுவார்கள் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தைச் சான்றாகக் காட்டிச் சிலர் இதை விளக்குவதுண்டு. அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. கீதையில் குறை இல்லை. நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் குறை. ‘எனக்கு இது தேவையில்லை, உங்களுக்காகச் செய்கிறேன்’ என்ற மனநிலையில் தாயின் முன் உருண்டால், அது தாயை விட உயரமான இடத்தில் நின்றுகொண்டு உருள்வதாகும். சுவாமிஜியின் வாழ்க்கையை அறிந்தவர்கள் இதை அவர்மீது ஏற்றிச் சொல்ல மாட்டார்கள்.

அவருக்கும் அவரது தாய்க்கும் இடையே இருந்ததை நினைவுகூர வேண்டும். 1884 இல் தந்தை விசுவநாத தத்தர் திடீரென்று மறைந்தபின் குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. தாயும் தம்பிமாரும் பசித்திருக்க, வேலை தேடி அலைந்து சலித்த நரேந்திரரைக் குருதேவர் தட்சிணேசுவரக் காளியிடமே போய்க் கேட்கச் சொன்னார். மூன்று முறை போனார். மூன்று முறையும் விவேகத்தையும் வைராக்கியத்தையும் ஞானத்தையும் பக்தியையும் கேட்டாரே தவிர, வீட்டிற்கு அரிசி வேண்டும் என்று கேட்க அவரால் முடியவில்லை. எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவிராது என்று குருதேவர்தாம் பின்னர் அருள்வாக்கு அளிக்க வேண்டியிருந்தது. இந்த நிகழ்ச்சியை நாம் வைராக்கியத்தின் உச்சம் என்று போற்றுகிறோம், சரிதான். ஆனால் இதைக் காளிகாட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகனுக்காகத் தாய் காளியிடம் கேட்டாள். எந்தத் தயக்கமும் இல்லாமல் உயிரையே கேட்டாள். தாய்க்காக மகனால் ஒரு பிடி அரிசியைக் கேட்க முடியவில்லை. அந்த வேறுபாடு சுவாமிஜியின் உள்ளத்தில் ஒரு முள்ளாகவே இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். பிற்காலத்தில் கேத்ரி மன்னர் அஜித் சிங்கிடம் தாயின் பராமரிப்புக்காக மாதந்தோறும் உதவி வேண்டிக் கடிதம் எழுதியபோது, உலகைத் துறந்த அந்தப் பேருள்ளம் தாயை எவ்வளவு ஆழமாகச் சுமந்திருந்தது என்பது வெளிப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. நரேந்திரர் எளிதில் காளியை ஏற்றவர் அல்லர். ஆண்டுக்கணக்காகத் தாம் அதை எதிர்த்துப் போராடியதாகச் சகோதரி நிவேதிதையிடம் அவரே கூறியிருக்கிறார். பிரம்மமும் சக்தியும் வேறல்ல, நெருப்பும் அதன் சுடும் ஆற்றலும் போல என்று குருதேவர் மீண்டும் மீண்டும் சொன்னது அவருக்குள் இறங்க நாளாயிற்று. பிற்காலத்தில் 1899 மே 28 இல் நிவேதிதை காளியைப் பற்றிக் காளிகாட் கோயிலிலேயே சொற்பொழிவாற்றினார். அயர்லாந்தில் பிறந்த பெண்மணி ஒருவர் அந்தப் பழைய கோயிலில் பேச, கல்கத்தா மக்கள் தரையில் அமர்ந்து கேட்டார்கள். சுவாமிஜியின் அத்வைதம் 1901 இல் வந்து சேர்ந்திருந்த இடம் இது. எனவே அவர் நம்பாத ஒன்றைத் தாய்க்காகச் செய்தார் என்று சொல்வதும் சரியாகாது. ஒரு காலத்தில் நம்பாதிருந்தவர், நம்பத் தொடங்கியபின், தம் நம்பிக்கையை அல்ல, தாயின் நம்பிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்தார்.

நடிப்பா?

நம் அன்பர் இன்னும் அங்கு வந்து சேரவில்லை. அவருக்குக் காளியிடம் பக்தி இல்லை. நிர்க்குணப் பிரம்மத்தில் ஈடுபாடு இருக்கிறது. அவர் புடவை சாத்தினால் அது நடிப்புதானே?

ஒரு செயலும் ஒரு கூற்றும் வெவ்வேறானவை. ‘காளி புடவை பெற்றுக்கொண்டு காய்ச்சலை நீக்கினாள்’ என்பது கூற்று. அது மெய்யா பொய்யா என்று கேட்கலாம், நம்பாதவர் அதைச் சொல்லக் கூடாது. புடவை சாத்துவது செயல். மீமாம்சகர்கள் விதி வாக்கியங்களையும் செய்தி கூறும் வாக்கியங்களையும் பிரித்தறிந்தது இந்த நுட்பத்தை உணர்ந்துதான். ஒரு செயலுக்குள் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘என் தாய் ஒரு நள்ளிரவில் தன்னிடம் இருந்த எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு இந்தத் திசையில் கை நீட்டினாள், நீட்டிய கையை நான் பாதியில் விட்டுவிட மாட்டேன்’ என்று கருதி ஒருவர் புடவை சாத்தினால் அதில் ஒரு சொல்லளவு பொய்யும் இல்லை. அந்த நள்ளிரவை அவர் நம்புகிறார் அல்லவா? அது போதும். காளியைப் பற்றிய தத்துவத்தை அவர் தம் சாதனையில் பொறுமையாக ஆராய்ந்துகொள்ளலாம்.

மாறாக, நான் பயின்ற வேதாந்தம் என்னைத் தாயின் வாக்குக்குத் தலைவணங்க விடவில்லை என்று ஒருவர் சொன்னால், எங்கும் நிறைந்த பிரம்மம் காளிகாட்டின் நாலு சுவர்களுக்குள் மட்டும் இல்லாமல் போனது எப்படி என்று அவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பிறர் நேர்ந்தது எதுவானாலும் நிறைவேற்றியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காளிகாட்டில் ஆட்டுப்பலி உண்டு. அந்தத் தாய் புடவைக்குப் பதிலாக ஓர் ஆட்டை நேர்ந்திருந்தால்? இதற்கும் அதே 1901 ஆம் ஆண்டில் ஒரு பதில் இருக்கிறது. அந்த இலையுதிர் காலத்தில் பேலூர் மடத்தில் முதன்முறையாகத் துர்க்கையின் திருவுருவம் அமைத்துப் பூஜை நடந்தது. சுவாமிஜி சாத்திர முறைப்படி பலியும் இருக்கட்டும் என்றே எண்ணியிருந்தார். அன்னை ஸ்ரீசாரதாதேவி வேண்டாம் என்றார். எல்லா உயிர்க்கும் அபயம் அளிக்கும் வாழ்வை ஏற்ற துறவியரின் மடத்தில் உயிர்ப்பலி கூடாது என்பது அவரது எண்ணம். சுவாமிஜி மறுபேச்சின்றிக் கைவிட்டார். சில வாரங்கள் கழித்துத்தான் காளிகாட் நிகழ்ச்சி. ஒரு தாயின் சொல்லுக்காகச் சடங்கு ஒன்றை விட்டார். இன்னொரு தாயின் சொல்லுக்காகச் சடங்கு ஒன்றைச் செய்தார். இரண்டிலும் முரண்பாடு இல்லை. புவனேசுவரி தேவி நேர்ந்தது தம் மகனின் உடலை மண்ணில் உருளச் செய்வது. மகன் மனமுவந்து உருண்டார். ஆட்டின் உயிர் நேர்ந்துகொள்பவருக்கு உரிமையானதன்று. தமக்கு உரிமையில்லாததை ஒருவர் அன்பின் பெயராலும் வாக்களிக்க முடியாது. மகளின் திருமணத்தையோ மகனின் துறவையோ குழந்தையின் உடலுக்குத் துன்பம் தரும் ஒன்றையோ நேர்ந்துகொள்ளும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். அந்த வாக்குகளை நிறைவேற்றாமல், அவற்றுக்குப் பின்னிருந்த அன்பை மட்டும் வேறு வழியில் வணங்குவதே முறை.

கோயில் இருக்கும் இடம்

அன்பரின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கல்லூரி நாட்களில் ஒரு முறை காளிகாட்டிற்குள் போனாராம். கூட்டமும் இரைச்சலும் பண்டாக்களின் பேரமும் ஈரத்தரையும் அவரை வெறுப்படையச் செய்தனவாம். ‘அங்கே மன அமைதி கிடைக்கவில்லை’ என்கிறார்.

உண்மைதான், கிடைக்காது. காளிகாட் மலைமேல் இருக்கும் கோயில் அன்று. ஒரு பெருநகரின் நெரிசலான குடியிருப்புக்கு நடுவே, கடைகளோடு கடையாக, வீடுகளோடு வீடாக இருக்கிறது. 1986 முதல் மெட்ரோ ரயில் அங்கே நிற்கிறது. 2025 ஏப்ரலில் கோயிலுக்குச் செல்ல ஆகாய நடைபாதை ஒன்றும் திறக்கப்பட்டது. தெருவின் இருபுறமும் செம்பருத்தி மாலைகள், பேடா, சங்கு வளையல், சிவப்புத் துணி. இப்போதுள்ள கோயில் கட்டடம் 1809 இல் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் முயற்சியால் நிறைவுற்றது. வங்காளத்துக் குடிசைக் கூரையைப் போல வளைந்த நான்கு சரிவுகளும், அவற்றின்மேல் அதே வடிவில் சிறிய நான்கு சரிவுகளும் கொண்டது. கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது முதலில் கோயிலாகவே தோன்றாது. உள்ளே கருங்கல்லில் மூன்று பெரிய கண்கள், நீண்ட பொன் நாக்கு, நான்கு கைகள். அவ்வளவே. நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் அந்த மூன்று கண்களை ஒரு கணம் காணலாம்.

இந்தக் கோயிலைச் சுற்றியே பத்தொன்பதாம் நூற்றாண்டில் காளிகாட் ஓவியங்கள் பிறந்தன; யாத்திரிகர்கள் மலிவு விலைக்கு வாங்கிச் சென்ற அந்தத் தாள்கள் இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன. கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதி ஒன்றில்தான் அன்னை தெரசா 1952 இல் இறக்கும் நிலையில் உள்ளவர்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். வங்காளப் புத்தாண்டு அன்று வணிகர்கள் புதுக் கணக்குப் புத்தகங்களை ஏந்தி விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்பார்கள். வளாகத்திற்குள்ளேயே ஷஷ்டி தேவிக்கு ஒரு மேடை உண்டு. குழந்தைகளைக் காப்பவள் அவள். அங்கே வந்து நிற்கும் பெண்களில் தனக்காக வேண்டுகிறவர் மிகக் குறைவு.

அமைதியை எதிர்பார்த்துப் போகிறவர் இவை அனைத்தையும் இடையூறாகவே காண்பார். கோயில் என்பது என் மனத்திற்கு இதம் அளிக்கும் இடம் என்ற எண்ணம் நம் காலத்தில், குறிப்பாகப் படித்த அன்பர்களிடையே, மிகுந்துவருகிறது. தியானத்திற்கு அமைதியான இடம் வேண்டும். அதற்கு மடங்களும் ஆலயங்களும் இருக்கின்றன. ஆனால் காளிகாட் போன்ற பழைய பேட்டைக் கோயில்கள் இருநூறு ஆண்டுகளாகப் பிறருக்காகக் கை நீட்டியவர்கள் வந்து நின்ற இடங்கள். நீங்கள் இடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கிழவி யாருக்காக நேர்ந்துகொண்டு வந்திருக்கிறாளோ, அவன் எங்கோ அலுவலகத்தில் அமர்ந்து இத்தகைய வேண்டுதல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

அழுக்கையும் ஏமாற்றையும் நான் பக்தியின் பெயரால் நியாயப்படுத்தவில்லை. யாத்திரிகரை மிரட்டிப் பணம் பறிப்பவன் எந்தச் சந்நிதியில் செய்தாலும் அது பறிப்புதான். கொடுக்க விரும்புவதை முன்கூட்டியே உறுதியாகத் தீர்மானித்துக்கொண்டு, அதற்கு மேல் கேட்பவரிடம் பணிவாக மறுத்துவிட வேண்டும். அதற்காக வெறுப்பைச் சந்நிதி வரை தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

அன்பருக்கு எழுதிய பதிலில் சில நடைமுறைச் செய்திகளையும் சேர்த்திருந்தேன். செவ்வாய், சனிக்கிழமைகளையும் அமாவாசையையும் தவிர்த்து, விடியற்காலையில் போவது நல்லது. நவராத்திரி வேண்டாம். ஆதிகங்கை ஒரு காலத்தில் கங்கையின் பழைய ஓட்டம். 1770களில் டாலி என்ற ஆங்கிலேய அதிகாரி அதைத் தூர்வாரிக் கால்வாயாக்கியதால் டாலி நாலா என்றும் பெயர் பெற்றது. இன்று அது நகரத்தின் கழிவுநீரைச் சுமக்கிறது. அதில் மூழ்கி நீராட வேண்டும் என்று எந்தத் தாயும் மகனைக் கேட்க மாட்டாள். காய்ச்சலுக்கு அஞ்சி நேர்ந்துகொண்டவள் நிச்சயம் கேட்க மாட்டாள். கங்கை நீரைச் சிறிது தலையில் தெளித்துக்கொண்டு, வேறிடத்தில் குளித்து, ஈரத்துணியுடன் வலம் வந்தால் போதும்.

புடவையின் விலையைப் பற்றியும் கேட்டிருந்தார். அம்மா தமக்கு வாங்கிக்கொண்டிருக்கக்கூடிய விலையில் இருக்கட்டும் என்று எழுதினேன். சங்கல்பத்தின்போது அர்ச்சகர் பெயரும் கோத்திரமும் கேட்பார். அவற்றைச் சொல்லிவிட்டு, ‘என் தாய் நேர்ந்துகொண்டதைச் செலுத்த வந்திருக்கிறேன்’ என்று தமிழிலேயே சொல்லலாம். லேக் மார்க்கெட்டிலிருந்து இத்தனை தலைமுறைகளாகப் பெண்கள் வந்து பேசியிருக்கிறார்கள்; காளி தமிழ் அறியாதவள் அல்லள்.